இடுப்பு ஜவ்வு விலகிவிட்டதா? முதல் மூன்று மாதம் என்ன செய்ய வேண்டும்

குனிந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கியிருப்பீர்கள். சிலருக்கு அதுகூட வேண்டாம். பல் தேய்த்துவிட்டுத் துப்பக் குனிந்திருப்பார்கள், ஒரு தும்மல் வந்திருக்கும். இடுப்பில் சுரீரென்று ஒரு பிடிப்பு. இரண்டு நாளில் அந்த வலி பின்பக்கம் வழியாகத் தொடைக்கு இறங்கி, கெண்டைக்காலைச் சுண்டி இழுத்து, கட்டைவிரல் வரை மரத்துப்போகத் தொடங்கும். உட்கார்ந்தால் கூடும். இருமினால் காலில் கரண்ட் அடித்தது போல் இருக்கும். நின்றால், நடந்தால் கொஞ்சம் தேவலை.

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். நான் ஒரு சிறு நகரத்தில் 17 வருடமாகப் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். வருகிறவர்களின் வலியைவிட அவர்கள் முகத்தில் தெரியும் பயம்தான் என்னை அதிகம் வருத்துகிறது. கையில் பெரிய எம்.ஆர்.ஐ. கவர், மனதில் 'இனி நம்மால் ஒன்றும் முடியாது' என்ற முடிவு. உண்மை அப்படி இல்லை. பெரும்பாலானவர்களுக்கு இந்த வலி 6 முதல் 12 வாரத்துக்குள் அறுவை சிகிச்சை இல்லாமலே அடங்கிவிடுகிறது. ஆனால் அந்த வாரங்களை எப்படிக் கழிப்பது என்று யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. அதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்லப்போகிறேன்.

உடனே ஓட வேண்டிய நேரம் எது?

மற்றதெல்லாம் படிப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். கழிவறையில் கழுவும்போது அந்த இடத்தில் கை படுவதே தெரியவில்லை, சைக்கிள் சீட்டில் படும் பகுதி முழுக்க மரத்திருக்கிறது, சிறுநீர் வர மறுக்கிறது அல்லது தெரியாமலே கசிகிறது, மலம் அடக்க முடியவில்லை, இரண்டு காலும் சேர்ந்து தளர்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் காலைவரை காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போல் இரவிலும் எம்.ஆர்.ஐ. எடுத்து அறுவை செய்யக்கூடிய இடத்துக்குப் போங்கள். தண்டுவடத்தின் அடியில் குதிரை வால் போலத் தொங்கும் நரம்புக் கொத்து மொத்தமாக நசுங்கும்போதுதான் இப்படி ஆகும். மணிக்கணக்கில் தாமதித்தாலும் நரம்பு பழைய நிலைக்குத் திரும்பாமல் போகலாம். வெட்கப்பட்டு இதை வீட்டில் சொல்லாமல் இருந்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் முதலிலேயே எழுதுகிறேன்.

அதற்கடுத்தது, காலில் பலம் குறைவது. நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்று விழுகிறது, பாதம் தரையில் 'தப்' என்று அடிக்கிறது, படியில் நுனிக்கால் இடறுகிறது என்றால் அது வெறும் வலி அல்ல. அன்றோ மறுநாளோ எலும்பு மருத்துவரையோ நரம்பு அறுவை மருத்துவரையோ பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, ஜவ்வு விலகல் போலவே தோன்றும் வேறு நோய்கள். சாயங்காலக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், படுத்தாலும் அடங்காத இரவு வலி, முன்பு புற்றுநோய் இருந்தவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், விழுந்து அடிபட்டவர்கள். இவர்கள் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தக் கூடாது. நம் நாட்டில் காசநோய் முதுகெலும்பிலும் வரும், அது இடுப்புவலி வேஷத்தில்தான் வரும்.

இவை எதுவும் இல்லையா? சரி, நிதானமாக மேலே படிக்கலாம். ஒரு வேலை மட்டும் தினமும் செய்யுங்கள். சுவர் ஓரமாக நுனிக்காலில் பத்து அடி, குதிகாலில் பத்து அடி நடந்து பாருங்கள். குதிகாலில் நிற்கும்போது பாதம் தொங்குகிறதா, நுனிக்காலில் நிற்கும்போது குதிகால் இறங்குகிறதா என்று இரண்டு காலையும் ஒப்பிடுங்கள். பல் தேய்ப்பது போல இது காலைக் கடமை. வலி கூடினாலும் குறைந்தாலும், பலம் அப்படியே இருக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

என்னதான் விலகியது?

ஜவ்வு என்று நாம் சொல்வது இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை. அது சில்லு போல நழுவி வெளியே வருவதில்லை. பூரணக் கொழுக்கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் மாவு விரிசல் விட்டுப் பூரணம் பிதுங்கும், இல்லையா? ஜவ்விலும் வெளியே நார் நாராகக் கெட்டியான வளையம், உள்ளே கூழ் போன்ற பொருள். பல வருடம் குனிந்து குனிந்து வளையத்தின் பின்பக்கம் விரிசல் விடும். ஒருநாள் ஒரு தும்மலில் கூழ் பிதுங்கி, பின்னால் போகும் நரம்பைத் தொடும். தொட்டால் மட்டும் இவ்வளவு வலி வராது. வெளியே வந்த அந்தக் கூழ் நரம்பைச் சுற்றி வீக்கத்தையும் எரிச்சலையும் உண்டாக்குகிறது. பாஸ்டனைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள் 1934-இல் கட்டுரை எழுதிய பிறகுதான் கால்வலிக்கும் ஜவ்வுக்கும் உள்ள இந்தத் தொடர்பு மருத்துவ உலகத்துக்குத் தெளிவானது.

இடுப்பில் ஐந்து எலும்புகள், எல்1 முதல் எல்5 வரை. அதற்குக் கீழே இருப்பது எஸ்1. விலகல்களில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் கடைசி இரண்டு ஜவ்வுகளில்தான், அதாவது ரிப்போர்ட்டில் எல்4-எல்5 என்றும் எல்5-எஸ்1 என்றும் எழுதியிருக்கும் இடங்களில். எல்5 நரம்பு என்றால் வலி தொடையின் வெளிப்பக்கமாக இறங்கிப் பாதத்தின் மேல்பகுதிக்கும் கட்டைவிரலுக்கும் வரும். எஸ்1 என்றால் பின்தொடை, கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் பக்கமும் உள்ளங்காலும் மரக்கும். குதிகால் நடை எல்5-ஐச் சோதிக்கிறது, நுனிக்கால் நடை எஸ்1-ஐ. மேலே சொன்ன காலைக் கடமையின் காரணம் இதுதான்.

முதல் மூன்று நாள்

வலி உச்சத்தில் இருக்கும்போது படுங்கள், தப்பில்லை. ஆனால் 'மூணு வாரம் அசையாம படு' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 1986-இல் அமெரிக்காவில் டேயோ என்ற மருத்துவர் இடுப்புவலிக்காரர்களில் ஒரு பகுதியினரை 2 நாளும் மற்றவர்களை 7 நாளும் படுக்கச் சொன்னார். 2 நாள் படுத்தவர்கள் வேலைக்குச் சீக்கிரம் போனார்கள், குணமாவதில் ஒரு குறையும் இல்லை. 1999-இல் நெதர்லாந்தில், காலுக்கு இறங்கும் வலி உள்ள 183 பேரிடம் இதே கேள்வியை ஆராய்ந்தார்கள். 2 வாரம் படுக்கையில் இருந்தவர்களிலும் எழுந்து நடமாடியவர்களிலும் 12 வாரம் கழித்துத் தேறியவர்கள் ஒரே அளவு, 100-க்கு 87 பேர். படுத்ததால் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. பெரியவர்களின் ஜவ்வுக்குள் ரத்தக்குழாய் கிடையாது. அசைவில்தான் அதற்குச் சத்து ஊறிப் போகிறது. அசையாமல் கிடந்தால் தசையும் இளைத்துவிடும்.

படுக்கும்போது இரண்டு நிலை பெரும்பாலோருக்குச் சுகம் தரும். ஒன்று, தரையில் மல்லாந்து படுத்து கெண்டைக்கால் இரண்டையும் பிளாஸ்டிக் நாற்காலி மேல் தூக்கி வைப்பது. இன்னொன்று, வலி இல்லாத பக்கம் ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைப்பது. எழும்போது மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழவே கூடாது. மரக்கட்டை உருள்வது போல மொத்த உடம்பையும் ஒரு பக்கம் திருப்பி, காலைக் கட்டிலிலிருந்து இறக்கிக்கொண்டே கையை ஊன்றி எழுங்கள்.

'கட்டாந்தரையில் படு, பலகையில் படு' என்பது நம்மூரில் எல்லோரும் சொல்லும் யோசனை. ஸ்பெயினில் 2003-இல் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரை வைத்துப் பார்த்ததில், மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தைதான் நன்றாக உதவியது. தரையில் பாய் விரித்துப் படுத்துப் பழகியவர் அப்படியே படுக்கலாம். ஆனால் தரையிலிருந்து எழுவதுதான் சிரமம் என்றால் கட்டிலுக்கு மாறிக்கொள்ளுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. கட்டில் நடுவில் குழி விழாமல் இருந்தால் போதும்.

இந்த நாட்களில் கழிவறைதான் பெரிய சோதனை. குத்தவைக்கும் கழிப்பறை வேண்டாம், மேற்கத்திய வகை இல்லையென்றால் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்றை வாடகைக்கோ விலைக்கோ வாங்கிக்கொள்ளுங்கள். முக்காமல் மலம் போக வேண்டும். தண்ணீர், கொய்யா, வாழைப்பழம், கீரை. தும்மல் வருகிறதா? குனியாமல் நிமிர்ந்து நின்று, சுவரிலோ மேசையிலோ கையை ஊன்றிக்கொண்டு தும்முங்கள். ஒத்தடம் சூடா குளிரா என்று எல்லோரும் கேட்பார்கள். எது இதமோ அது. 15 நிமிடம், துணி சுற்றி. மரத்த இடத்தில் வெந்நீர்ப் பையை வைக்காதீர்கள், தோல் வெந்தாலும் தெரியாது.

மாத்திரை

மருத்துவர் எழுதித் தரும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் வீக்கத்தைத் தணித்து முதல் வாரத்தில் நடமாட உதவும். சாப்பிட்ட பிறகு, சில நாட்களுக்கு மட்டும். அல்சர், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மெடிக்கலில் போய் 'இடுப்புவலிக்கு ஒரு செட்டு குடுங்க' என்று கேட்டுக் கலந்து கட்டிய பொட்டலம் வாங்குவதை மட்டும் செய்யாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்? நரம்பு மாத்திரை என்று பலரும் மாதக்கணக்கில் விழுங்கும் பிரிகாபலினை 2017-இல் ஆஸ்திரேலியாவில் சயாட்டிகா, அதாவது காலுக்கு இறங்கும் நரம்புவலி உள்ள 209 பேரிடம் சோதித்தார்கள். மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிடக் கால்வலி குறையவில்லை, தலைசுற்றல்தான் கூடியது. அதற்காக நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். 'இது எனக்குத் தேவைதானா, எத்தனை நாள்?' என்று எழுதித் தந்தவரிடமே கேளுங்கள்.

கவிழ்ந்து படுங்கள்

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையின் உயிர். 1956-இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் ராபின் மெக்கன்சி என்ற பிசியோதெரபிஸ்டிடம் கால்வலியோடு ஒருவர் மூன்று வாரமாக வந்துபோய்க்கொண்டிருந்தார், முன்னேற்றமே இல்லை. ஒருநாள் 'கவிழ்ந்து படுங்கள், வருகிறேன்' என்று அவரை அறைக்கு அனுப்பினார். அந்தக் கட்டிலின் தலைப்பக்கம் முந்தைய நோயாளிக்காக உயர்த்தி வைத்தபடியே இருந்தது. மனிதர் அதன் மேலேயே கவிழ்ந்து, இடுப்பு பின்னால் வளைந்த நிலையில் சில நிமிடம் கிடந்தார். மெக்கன்சி வந்து பார்த்துப் பதறினார். அவரோ, மூன்று வாரத்தில் இவ்வளவு நன்றாக இருந்ததே இல்லை, காலில் இருந்த வலி போய்விட்டது என்றார். இடுப்பு நடுவில் மட்டும் வலி மிச்சமிருந்தது. வலி காலிலிருந்து மேலேறி இடுப்பில் வந்து ஒடுங்குவது நல்ல அறிகுறி என்று மெக்கன்சி கண்டுகொண்டது அங்கேதான்.

இதை நம்ப வைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு தையல்கார அக்கா. பனியன் கம்பெனியில் பத்து மணி நேரம் மிஷினில் குனிந்து உட்காரும் வேலை. இடது கால் கெண்டை வரை வலி. முதல் நாள் கவிழ்ந்து படுக்கச் சொன்னேன், அடிவயிற்றுக்குக் கீழே தலையணை வைத்துத்தான் படுக்க முடிந்தது. நான்காம் நாள் கோபமாக வந்தார்.

"தம்பி, நீங்க சொன்னதைச் செஞ்சு இடுப்புவலி அதிகமாயிடுச்சு."

"கால் எப்படி இருக்குக்கா?"

கொஞ்சம் யோசித்தார். கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார். "கால்ல... கால்ல இப்ப இல்லையே. பின்பக்கத்தோட நிக்குது."

"அதுதான்க்கா நல்ல சேதி."

அவர் அன்று என்னை நம்பவில்லை. பத்து நாள் கழித்து நம்பினார். ஆகவே ஒன்றை மனதில் வையுங்கள்: இடுப்பைக் கேட்காதீர்கள், காலைக் கேளுங்கள். ஒரு பயிற்சி செய்தபின் வலி பாதத்திலிருந்து கெண்டைக்கும், கெண்டையிலிருந்து தொடைக்கும் மேலேறினால், இடுப்பு கொஞ்சம் வலித்தாலும் சரியான பாதையில்தான் போகிறீர்கள். வலி இடுப்பில் குறைந்து காலில் கீழே இறங்கினால், செய்தது எதுவானாலும் நிறுத்துங்கள்.

செய்முறை இது. பாயையோ ஜமுக்காளத்தையோ விரித்து, கைகள் பக்கவாட்டில், தலை ஒரு பக்கம் திரும்பியபடி கவிழ்ந்து படுங்கள். 2 முதல் 5 நிமிடம், மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு. முடியவில்லையென்றால் வயிற்றுக்கடியில் தலையணை. ஓரிரு நாளில் அதை எடுத்துவிடலாம். இது பழகி, காலில் வலி கீழே இறங்கவில்லை என்றால் அடுத்த படி: முழங்கைகளை ஊன்றி, தரையில் பேப்பர் படிப்பது போல மார்பை உயர்த்தி 2 நிமிடம். அதுவும் சரியாக இருந்தால் மூன்றாவது படி: உள்ளங்கைகளைத் தோளுக்கு நேராக ஊன்றி, கையின் பலத்தால் மட்டும் மேலுடம்பைத் தூக்குங்கள். இடுப்பும் தொடையும் தரையிலேயே தொய்ந்து கிடக்க வேண்டும். பார்க்கப் புஜங்காசனம் போலத் தெரியும், ஆனால் முதுகுத் தசை வேலை செய்யக் கூடாது, கைதான் வேலை செய்ய வேண்டும். மேலே ஒரு விநாடி நின்று இறங்குங்கள். பத்து முறை. விழித்திருக்கும் நேரத்தில் 2 மணிக்கு ஒரு முறை. காலையில் ஒரே மூச்சாக 50 முறை செய்வதைவிட இப்படிப் பிரித்துச் செய்வதுதான் வேலை செய்யும்.

இது எல்லோருக்கும் ஒத்துவராது. வயதானவர், நடந்தால் இரண்டு காலும் இழுக்கிறது, உட்கார்ந்தால் அல்லது தள்ளுவண்டியில் சாய்ந்தாற்போல முன்னால் குனிந்தால் நிம்மதி என்றால், அது பெரும்பாலும் நரம்புப் பாதை சுருங்கியதால் வரும் வலி. அவர்களுக்குப் பின்வளைவு வலியைக் கூட்டும், வேறு பயிற்சி வேண்டும். அதனால் முதல் ஓரிரு தடவை ஒரு பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருந்து பார்ப்பது நல்லது. அரசு மாவட்ட மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் இந்தப் பிரிவு உண்டு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வெளியே வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

கூடவே நடை. ஒரே தடவையில் ஒரு மணி நேரம் வேண்டாம். முதல் வாரம் ஐந்து நிமிடமாக நாளுக்கு நான்கைந்து தடவை, வீட்டு மொட்டை மாடியானாலும் சரி. கால்வலி இறங்காத அளவுக்கு வாரா வாரம் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஸ்கேன் எப்போது, அதில் என்ன பார்ப்பது?

எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. எம்.ஆர்.ஐ.யில் தெரியும், ஆனால் முதல் வாரமே அதற்கு ஓட வேண்டியதில்லை. தொடக்கத்தில் சொன்ன ஆபத்து அறிகுறிகள் இருந்தால் உடனே. இல்லையென்றால் ஆறு வாரம் முறையாகச் செய்தும் கால் தேறவில்லை, ஊசியோ ஆபரேஷனோ யோசிக்க வேண்டும் என்ற கட்டத்தில். காரணம் இருக்கிறது. 1994-இல் அமெரிக்காவில் இடுப்புவலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் செய்தார்கள். 52 சதவீதத்தினருக்கு ஒரு ஜவ்வாவது உப்பியிருந்தது, 27 சதவீதத்தினருக்குப் பிதுங்கியே இருந்தது. அவர்கள் எல்லோரும் நன்றாகத்தான் நடமாடிக்கொண்டிருந்தார்கள். 'டிஜெனரேஷன்', தேய்மானம் என்ற வார்த்தைகளைப் பார்த்து மனம் உடையாதீர்கள். தலைமுடி நரைப்பது போல அதுவும் வயதோடு வருவதுதான்.

இன்னொரு ஆச்சரியமும் சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டில் 'பல்ஜ்' என்றால் லேசான உப்பல், 'புரோட்ரூஷன்' என்றால் பிதுங்கல், 'எக்ஸ்ட்ரூஷன்' என்றால் கூழ் வெளியே வந்துவிட்டது, 'சீக்வெஸ்ட்ரேஷன்' என்றால் துண்டு தனியே பிரிந்துவிட்டது. கேட்கக் கடைசியது பயங்கரம். ஆனால் பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வந்த கணக்குப்படி, தனியாகப் பிரிந்த துண்டுகளில் 96 சதவீதமும் வெளியே வந்தவற்றில் 70 சதவீதமும் தானாகவே கரைந்து சுருங்கியிருக்கின்றன. லேசான உப்பல்களில் 13 சதவீதம்தான். வெளியே வந்த பொருளை உடம்பு அந்நியப் பொருளாகக் கருதித் தின்றுவிடுகிறது. ஆகவே படம் பெரிதாக இருந்தால் நோய் பெரிது என்று அர்த்தமில்லை.

மூன்றாவது வாரத்துக்கு மேல்

கால்வலி பாதிக்கு மேல் குறைந்ததும் இடுப்பைச் சுற்றியுள்ள தசைகளுக்கு வேலை தர வேண்டும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் மூன்று பயிற்சிகளைச் சொல்கிறார். இடுப்பை மடக்காமல் தசையைக் கட்டும் வழிகள் அவை. முதலாவது, மண்டியிட்டுக் கைகளை ஊன்றி, வலது கையை முன்னாலும் இடது காலைப் பின்னாலும் நீட்டி 10 விநாடி நிற்பது, பிறகு மாற்றி. இடுப்பின் மேல் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தால் சிந்தாத அளவுக்கு அசையாமல் இருக்க வேண்டும். இரண்டாவது, ஒருக்களித்துப் படுத்து, முழங்கையையும் மடக்கிய முழங்காலையும் ஊன்றி இடுப்பைத் தரையிலிருந்து தூக்குவது. மூன்றாவது, மல்லாந்து ஒரு காலை மடக்கி, கைகளை இடுப்புக்கடியில் கொடுத்து, தலையையும் தோளையும் இம்மி அளவு மட்டும் தூக்குவது. எதிலும் 10 விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம், எண்ணிக்கையைக் கூட்டினால் போதும்.

வேண்டாதவை: கட்டைவிரலைத் தொடக் குனிவது, மல்லாந்து படுத்து எழுந்து உட்காரும் 'சிட்-அப்', இரண்டு காலையும் நீட்டித் தூக்குவது, பஸ்சிமோத்தாசனம், சூரிய நமஸ்காரத்தில் குனியும் நிலைகள். யோகா கெட்டது என்று சொல்லவில்லை. பிதுங்கிய ஜவ்வுக்கு முதல் மூன்று மாதம் முன்குனிவு ஆகாது, அவ்வளவுதான்.

குறிப்பாகக் காலையில் எழுந்த முதல் ஒரு மணி நேரம். இரவெல்லாம் படுத்திருந்ததில் ஜவ்வு நீரை உறிஞ்சி உப்பியிருக்கும்; நாம் காலையில் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருப்பதே அதனால்தான். அந்த நேரத்தில் குனிந்தால் ஜவ்வின் மேல் அழுத்தம் மிகுதி. அமெரிக்காவில் ஸ்னூக் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1998-இல் நோயாளிகளைக் காலையில் குனியாமல் இருக்கப் பழக்கினார்கள், அதிலேயே வலி நாட்கள் குறைந்தன. நம் வீடுகளில் வாசல் பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோலம் போடுவது சரியாக அந்த நேரத்தில்தான். மூன்று மாதத்துக்கு அந்த வேலையை வீட்டில் வேறு யாராவது பார்க்கட்டும். இதைப் படிக்கும் கணவர்கள், மகன்கள் இதை என் வேண்டுகோளாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நீளக் கைப்பிடித் துடைப்பம் வாங்குங்கள். கிரைண்டரை மேடைக்கு ஏற்றுங்கள். பக்கெட்டை ஸ்டூல் மேல் வைத்துக் குளியுங்கள்.

தூக்கும்போது இடுப்பை மடக்காமல் முழங்காலை மடக்கி, பொருளை வயிற்றோடு ஒட்டி எழ வேண்டும். தூக்கியபடியே திரும்பக் கூடாது. பாதத்தை நகர்த்தித் திரும்புங்கள். சமையல் சிலிண்டரில் எரிவாயு 14.2 கிலோ, இரும்போடு சேர்த்து ஏறக்குறைய 30 கிலோ. அதை யாரும் தனியாகத் தூக்க வேண்டாம், அடிவிளிம்பில் உருட்டுங்கள். குடத்தை இடுப்பில் ஒரு பக்கமாக இடுக்குவதற்குப் பதில் இரண்டு கையிலும் சிறு வாளியாகப் பிரித்து எடுங்கள்.

உட்காருவதுதான் நம் காலத்தின் பெரிய எதிரி. தையல் மிஷினோ கம்ப்யூட்டரோ, அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நின்று, இடுப்பில் கைவைத்து ஐந்து முறை பின்னால் வளையுங்கள். நாற்காலியில் இடுப்பு வளைவுக்குச் சுருட்டிய துண்டு ஒன்று. அந்தத் தையல்கார அக்கா செய்தது இன்னும் எளிது: உட்காரும் பலகைக்கடியில் இரண்டு அங்குலத் தக்கை வைத்து உயரத்தைக் கூட்டிக்கொண்டார், மிஷினில் குனிவது பாதியாகக் குறைந்தது. பைக்கை மூன்று, நான்கு வாரம் தள்ளிப்போடுங்கள். வேகத்தடைகளும் குழிகளும் நரம்பைச் சும்மா விடாது. பஸ்ஸில் கடைசி சீட்டு வேண்டவே வேண்டாம். புகைப்பவர்கள் இந்தச் சாக்கில் விட்டுவிடுங்கள், ஜவ்வுக்குப் போகும் கொஞ்சநஞ்ச ஊட்டத்தையும் அது குறைக்கிறது. தாம்பத்தியம் பற்றி யாரும் வாய்திறந்து கேட்பதில்லை: வலி அடங்கத் தொடங்கியதும் தடையில்லை, வலி உள்ளவர் இடுப்பை மடக்காத நிலையில், அவசரமில்லாமல்.

பெல்ட், டிராக்‌ஷன், மிதி வைத்தியம்

பெல்ட் பயணத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் போடலாம், நாள் முழுக்கப் போட்டால் தசை சோம்பிவிடும். கரண்ட் வைப்பது வலியைச் சற்று நேரம் மறக்க வைக்கும், ஜவ்வைத் திருத்தாது. டிராக்‌ஷன் (எடை கட்டி இடுப்பை இழுப்பது) சிலருக்கு அப்போதைக்கு இதம் தருகிறது, நீண்ட பலன் தருவதாகச் சான்று இல்லை. என் கையில் இந்த இயந்திரங்கள் இருக்கின்றன, இருந்தும் சொல்கிறேன்: பயிற்சி சொல்லித்தராமல் இருபது நாள் கரண்ட் மட்டும் வைக்கிற இடத்துக்குக் காசைக் கொட்டாதீர்கள். 'வாய்வுப் பிடிப்பு' என்று, பிறக்கும்போது கால் முதலில் வந்தவரைக் கூப்பிட்டு இடுப்பை மிதிக்கச் சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தசைப்பிடிப்புக்கு ஏதாவது இதம் தரலாம். ஜவ்வு பிதுங்கி நரம்பில் நிற்கும்போது அந்த மிதி நரம்பை நிரந்தரமாகக் கெடுக்கலாம். தயவுசெய்து வேண்டாம்.

ஊசி, ஆபரேஷன்

ஆறு வாரம் தாண்டியும் கால்வலி தூங்கவிடவில்லை என்றால், தண்டுவட உறைக்கு வெளியே நரம்பருகில் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரத்துக்கு வலியைத் தணிக்கும். அந்த இடைவெளியில் பயிற்சி செய்ய முடிந்தால் அது லாபம்.

ஆபரேஷன் என்றால் 'கால் விழுந்துடும்' என்ற பயம் ஊரெல்லாம் இருக்கிறது. இன்றைக்குச் செய்வது நுண்ணோக்கி வழியாக, சிறு வெட்டில், நரம்பை அழுத்தும் துண்டை மட்டும் எடுப்பது. அநேகமாக அன்றோ மறுநாளோ நடக்க வைத்துவிடுவார்கள். 2007-இல் நெதர்லாந்தில் 6 முதல் 12 வாரமாகக் கடும் கால்வலி இருந்த 283 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்குச் சீக்கிரமே ஆபரேஷன், மற்றவர்களுக்குக் காத்திருப்பு. ஆபரேஷன் ஆனவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது. ஆனால் ஒரு வருட முடிவில் இரண்டு பக்கத்திலும் 100-க்கு 95 பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதத்தினர் இடையில் ஆபரேஷனுக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பலம் குறையாதவரை தீர்மானிப்பது நீங்கள்தான்: சீக்கிரம் வேலைக்குப் போயே ஆக வேண்டுமா, வலியோடு சில மாதம் பொறுக்க முடியுமா? பலம் குறைந்தால் காத்திருக்கக் கூடாது. ஆபரேஷன் கால்வலிக்குத்தான் நன்றாகக் கேட்கும், இடுப்புவலி கொஞ்சம் மிஞ்சலாம். எடுத்த இடத்திலேயே மறுபடி பிதுங்கவும் வாய்ப்பு உண்டு, அதனால் அதற்குப் பிறகும் இதே பயிற்சிகள், இதே கவனம். செலவுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மறுபடி வந்தால்

மூன்று மாதத்தில் பெரும்பாலோர் பழைய வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். மரப்பு மட்டும் வலிக்குப் பின்னும் மாதக்கணக்கில் தங்கலாம், நரம்பு ஆற நாளாகும். வருடத்தில் ஒரு தடவை ஏதோ ஒரு பயணத்திலோ கல்யாண வேலையிலோ இடுப்பு மறுபடி பிடிக்கலாம். எல்லாம் முதலிலிருந்தா என்று இடிந்துபோகாதீர்கள். அன்று மாலையே பாயை விரித்துக் கவிழ்ந்து ஐந்து நிமிடம் படுங்கள், முழங்கை ஊன்றி இரண்டு நிமிடம், கை ஊன்றிப் பத்து முறை. இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. மறுநாள் காலை எழுந்ததும் சுவர் ஓரமாக நுனிக்காலில் பத்து அடி, குதிகாலில் பத்து அடி. குதிகால் இறங்கவில்லை, பாதம் தொங்கவில்லை என்றால், சிலிண்டரையும் குடத்தையும் அன்றைக்கு வேறு யாரிடமாவது விட்டுவிட்டு, காபியைக் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புங்கள்.